திருக்கோவில் மணலுக்கு ஒரு போத்தல் நனோ களி போதுமா?

தம்பி கேட்டது இதுதான். இலங்கையின் கிழக்குக் கரையில், திருக்கோவில் என்ற ஊர்ப் பக்கம் கடலோரமாக இரண்டு ஏக்கர் மணல் காணி. கச்சானும் வெங்காயமும் செய்கிறார். காலையும் மாலையும் தண்ணீர் விட்டாலும் மத்தியானத்துக்குள் மண் காய்ந்து விடுகிறது, போடுகிற யூரியா எங்கே போகிறதென்றே தெரியவில்லை. ஒருவர் வந்து "நனோ களி" என்று ஒரு லீற்றர் போத்தலைக் காட்டி, ஏக்கருக்கு ஒரு போத்தல் தெளித்தால் தண்ணீரும் பசளையும் பாதியாகும் என்று சொல்லியிருக்கிறார். வாங்கலாமா, இல்லை வயலில் இருக்கிற களிமண்ணையே அள்ளிப் போட்டால் அதே வேலை நடக்குமா என்று கேட்கிறார். எனக்கு இதற்குள் இரண்டு கேள்வி தெரிகிறது. களிக்கு உண்மையிலேயே அப்படி ஒரு குணம் இருக்கிறதா என்பது ஒன்று, அந்தக் குணம் ஒரு போத்தலுக்குள் அடங்குமா என்பது மற்றது. முதலாவதுக்குப் பதில் ஆம், சந்தேகமே வேண்டாம். இரண்டாவதுக்குப் பதில் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்வதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

நான் மண் ஆய்வுகூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவன். பொத்துவிலில் இருந்து வாகரை வரைக்கும் வந்த மண் மாதிரிகளைக் கையால் பிசைந்து பார்த்திருக்கிறேன். களியை மண்ணில் போடுவது பற்றிச் சொல்வது என் அனுபவம். பிளாஸ்டிக், மருந்து என்று மற்ற இடங்களில் களி செய்கிற வேலை நான் படித்து அறிந்தது.

களி என்றால் என்ன என்பதில் இருந்து தொடங்குவோம், அது விளங்கினால் மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டு விடலாம். மணல் துணிக்கை ஒரு குறுணி மாதிரி, உருண்டை. களித் துணிக்கை அப்படியில்லை, அது பாய் அடுக்கு. சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்து நான்முகி வடிவில் பின்னிய ஒரு தட்டு, அலுமினியமோ மகனீசியமோ எண்முகி வடிவில் பின்னிய இன்னொரு தட்டு, இவை ஒட்டிக் கிடப்பதுதான் ஒரு பாய். சிலிக்கன் தட்டு ஒன்றும் அலுமினியத் தட்டு ஒன்றும் சேர்ந்தால் கயோலினைட், மட்பாண்டத்துக்கும் பீங்கானுக்கும் போகிற வெள்ளைக் களி. அலுமினியத் தட்டு நடுவில் கிடக்க மேலும் கீழும் சிலிக்கன் தட்டு வந்தால் மொன்மொரிலோனைட், பென்டோனைட் என்று மூட்டையில் விற்கிற களியில் பெரும்பகுதி இதுதான். இந்த மூன்றடுக்குப் பாயின் தடிப்பு ஏறத்தாழ 1 நனோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்புக்கு இப்படி எண்பதாயிரம் பாயை அடுக்கலாம். ஆகவே "நனோ" என்பது கடைக்காரர் புதிதாகச் செய்து சேர்த்த ஒன்றல்ல. களி பிறப்பிலேயே அந்த அளவுதான். உங்கள் வயல் வரம்பில் ஒட்டுகிற சேற்றிலும் அதே பாய்கள் இருக்கின்றன.

வித்தியாசம் பாய்களுக்கு நடுவில் இருக்கிறது. கயோலினைட்டில் ஒரு பாய் அடுத்த பாயோடு ஐதரசன் பிணைப்பால் இறுகப் பிடித்திருக்கும், நடுவில் தண்ணீர் புக முடியாது. மொன்மொரிலோனைட்டில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மகனீசியம் உட்கார்ந்து விடுவதால் பாய் முழுவதும் ஒரு எதிர் மின்னேற்றம் தங்கி விடுகிறது. அதை ஈடு செய்ய சோடியம், கல்சியம் போன்ற நேர் ஏற்ற அயன்கள், அதாவது மின்னேற்றம் உள்ள அணுக்கள், பாய்களுக்கு நடுவில் வந்து உட்காரும், அவற்றோடு தண்ணீரும் உள்ளே வரும், அடுக்கு ஊதும். அந்த அயன்கள் அங்கே நிரந்தரமாக ஒட்டியிருப்பதில்லை, இன்னொரு அயன் வந்தால் இடம் மாறிக் கொடுக்கும். பசளையில் இருந்து வரும் அமோனியத்தையும் பொட்டாசியத்தையும் மண் பிடித்து வைத்து வேருக்குக் கொடுப்பது இந்த இட மாற்றத்தால்தான்.

பாய்கள் எல்லாம் பிரிந்து விரிந்தால் ஒரு கிராம் மொன்மொரிலோனைட்டின் மொத்தப் பரப்பு 750 சதுர மீற்றர் அளவுக்கு வரும். ஒரு ஏக்கர் 4047 சதுர மீற்றர். அதாவது ஐந்தரைக் கிராம் களியை, ஒரு தேக்கரண்டி அளவை, பாய் பாயாகப் பிரித்து விரிக்க முடிந்தால் அது ஒரு ஏக்கர் பரப்பு. கயோலினைட்டில் இது கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீற்றர்தான். இதை முதல் முறை கணக்குப் போட்டுப் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, கையில் இருந்த களி உருண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக் கொண்டே இருந்தேன். விற்பனைக்காரர் இதே கணக்கைத்தான் உங்களுக்கும் சொல்லியிருப்பார், அது உண்மையும் கூட. ஆனால் பரப்பு வேறு, கொள்ளளவு வேறு. ஒரு ஏக்கர் பரப்பை மூட முடிகிற பொருள் ஒரு ஏக்கர் மண்ணை மாற்றி விடும் என்று ஆகாது.

சரி, உங்கள் காணிக்கு வருவோம். ஒரு ஏக்கரில் மேல் மண் 15 சென்ரிமீற்றர் மட்டும் எடுத்தாலும், மணலின் அடர்த்தியைப் பார்த்தால் அது ஏறத்தாழ 900 தொன். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு களி வேண்டுமென்றால் 9 தொன். போத்தலுக்குள் முழுக்க முழுக்கக் களியே இருக்கிறது, ஒரு கிலோ இருக்கிறது என்று வைத்துக் கொண்டாலும் அது பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. தண்ணீர்க் கணக்கும் பாருங்கள். நல்ல பென்டோனைட் தன் எடையைப் போலப் பத்து மடங்கு தண்ணீர் பிடிக்கும் என்று தாராளமாகவே வைப்போம், ஒரு கிலோவுக்குப் பத்து லீற்றர், ஒரு வாளி. நம் பக்கத்து வெயிலில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் இழக்குமென்றால் ஒரு ஏக்கருக்கு அது 20,000 லீற்றர். இருபதாயிரம் லீற்றர் போகிற இடத்தில் ஒரு வாளி மிச்சமாகும்.

பசளைக் கணக்கு இதைவிடத் தெளிவு. நல்ல மொன்மொரிலோனைட் ஒரு கிலோ, அதன் இடமெல்லாம் அமோனியமே உட்கார்ந்தாலும், பிடிக்கக் கூடிய நைதரசன் ஏறத்தாழ 14 கிராம். நீங்கள் போடுகிற 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. இன்னொரு விசயம், யூரியா யூரியாவாக இருக்கும் வரைக்கும் அதற்கு ஏற்றம் கிடையாது, களி அதை அயனைப் போலப் பிடிக்காது. அமோனியமாக மாறினால் பிடிக்கும். பிறகு மண்ணில் உள்ள பக்றீரியா அதை நைத்திரேற்றாக்கி விட்டால் அதற்கு எதிர் ஏற்றம், களியும் எதிர் ஏற்றம், அப்போதும் பிடிக்காது, தண்ணீரோடு கீழே போய்க் கிணற்றில் சேரும். அதனால் களி போட்டாலும் யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் நாலு தடவையாகப் பிரித்துப் போடுவதை விட முடியாது. மணல் காணியில் இன்றைக்கே பசளை மிச்சம் பிடிக்க வழி அதுதான், அதற்கு ஒரு சதம் செலவில்லை.

இந்த "நனோ" என்ற சொல் எங்கே இருந்து பெயர் வாங்கியது என்பதையும் சொல்லி விடுகிறேன், அந்தப் பெருமை பொய்யில்லை. 1980களின் பிற்பகுதியில் டொயோட்டாவின் ஆய்வுகூடத்தில் நைலோன்-6 உடன் மொன்மொரிலோனைட்டைச் சேர்த்தார்கள். நடுவில் இருந்த சோடியத்தை எடுத்து விட்டு அந்த இடத்தில் நீண்ட சங்கிலி கொண்ட சேதன அமோனியம் அயனை ஏற்றி, பாய்கள் நைலோனுக்குள் ஒவ்வொன்றாகப் பிரிந்து நிற்கும்படி செய்தார்கள். களி நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவுதான். நைலோன் சூட்டில் வளைய ஆரம்பிக்கும் வெப்பநிலை 65 பாகையில் இருந்து 150 பாகை அளவுக்கு ஏறியது, கார் எஞ்சினில் பெல்ற்றை மூடுகிற உறையாக அது பாவனைக்கும் வந்தது. அதே களியைச் சும்மா தூளாகக் கொட்டிக் கலந்தால் இந்தப் பலன் வராது. பாய்கள் பிரிந்து நின்றால்தான் அதற்கு நனோ என்ற பெயர் பொருந்தும், கட்டியாகக் கிடந்தால் அது வெறும் மண்தூள். பைக்கற் உறைகளில் காற்றும் ஈரமும் சுற்றி வளைந்து போக வேண்டி வருவதால் பொருள் பழுதாகாமல் இருப்பதும் இதே பிரிந்த பாய்களால்தான்.

மணலில் களி கலப்பதும் புதிய கற்பனையில்லை. நோர்வேயைச் சேர்ந்த டெசர்ட் கொன்ட்ரோல் என்ற நிறுவனம் களியைத் தண்ணீரில் மிக நுண்ணியதாகக் கலந்து பாலைவன மணலில் இறக்கும் முறையைத் துபாயில் செய்து காட்டியது. 2020இல் அந்த மணலில் வத்தகப்பழமும் விளைந்தது. உங்களிடம் வந்தவர் காட்டிய படங்கள் அங்கிருந்து எடுத்தவையாக இருக்கலாம். ஆனால் அங்கே போத்தல் கிடையாது. இடத்திலேயே இயந்திரம் வைத்துக் கலந்து குழாயால் பாய்ச்சுகிறார்கள். தண்ணீர் பாதியாகும் என்பது அந்த நிறுவனம் தன் முறைக்குச் சொல்லும் கணக்கு, அதை எடுத்து இந்தப் போத்தலுக்கு ஒட்ட முடியாது. தென் அவுஸ்திரேலியாவில் விவசாயிகள் 1960களின் கடைசியில் இருந்தே மணல் காணிகளில் அடிமண் களியைப் பரப்புகிறார்கள், எக்டேயருக்கு நூறு தொன், அதற்கு மேலும். தாய்லாந்தின் வடகிழக்கில், கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆட்கள் சோர்ந்து போன மணல் மண்ணில் பென்டோனைட்டும் புற்றுமண்ணும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், விளைச்சல் கூடியது. (நம் ஊரில் புற்றை நாகதம்பிரான் இருக்கும் இடமென்று கும்பிடுகிறோம், அதைத் தொடச் சொல்லவில்லை.) எல்லா இடத்திலும் கணக்கு தொன்னில்தான் வருகிறது, லீற்றரில் வரவில்லை.

இனி நீங்கள் கேட்ட அடுத்தது: வயல் களியை அள்ளிப் போடலாமா? போடலாம். ஆனால் எந்தக் களி, எப்படிப் போடுவது என்பதில்தான் பலனும் பாழும். நம் நாட்டு மண்ணில் பெரும்பாலும் கயோலினைட்தான் மிகுதி. மன்னார் முருங்கனில் உள்ள கறுப்புக் களி மொன்மொரிலோனைட்டுக்குப் பேர் போனது. நம் பக்கத்து வயல் வட்டைகளில் இரண்டும் கலந்துதான் கிடக்கும். சிறுபோகம் வெட்டிய பிறகு எந்த இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுகிறதோ, அந்த இடத்தில் ஊதுகிற களி இருக்கிறது என்று எடுத்துக் கொள்ளலாம். மழைக்கு ஊதி வெயிலுக்குச் சுருங்குவதால்தான் அந்த வெடிப்பு. அந்த மண் உங்கள் மணலுக்கு நல்லது. வாவிக்கரைச் சேற்றைத் தொடாதீர்கள். அதில் உப்பு மட்டுமில்லை, கண்ணா (அலையாத்தி) மரம் நிற்கிற சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைற் இருக்கும், வெளியே எடுத்துக் காயப் போட்டால் அது சல்பூரிக்கமிலமாக மாறும், பயிர் எரியும். சூளைக்கழிவும் செங்கல் தூளும் உதவாது, அந்தச் சூட்டில் களியின் கட்டமைப்பு குலைந்து விடும், தண்ணீரில் போட்டாலும் பழைய குணம் திரும்பாது.

பல வருடத்துக்கு முன் களுவாஞ்சிகுடியில் அம்மாவின் மணல் வளவில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யக் கூடாது என்பதற்காக. வயலில் காய்ந்து கிடந்த களியைத் தேங்காய் அளவுக் கட்டியாகவே கொண்டு வந்து கொட்டி மண்வெட்டியால் கொத்திக் கலந்தேன். இரண்டு போகம் கழித்தும் கட்டி கட்டியாகவே இருந்தது. மணல் மணலாக, களி கல்லாக. கத்தரி வேர் களிக்கட்டியைச் சுற்றிப் போயிருந்ததே தவிர உள்ளே போகவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த வருடம் அவருக்குக் காய் குறைவு, அது எனக்கு இன்றும் வருத்தம். அடுத்த வருடம் ஒரு கிடங்கு வெட்டி, களியைத் தண்ணீரில் ஊற வைத்து மாட்டுச் சாணத்தோடு சேர்த்துக் கரைத்து, கஞ்சிப் பதத்தில் பாத்திக்கு ஊற்றினோம். அதுதான் பிடித்தது. மணல் துணிக்கையைச் சுற்றிக் களி ஒரு தோல் மாதிரி ஒட்ட வேண்டும், அதற்குக் களி கரைந்து வர வேண்டும். சாணமோ கூட்டெருவோ சேர்ந்தால் அந்தத் தோல் மழைக்குக் கழுவுப்படாமல் நிற்கிறது, எருவும் சீக்கிரம் உக்கிப் போகாமல் களியோடு ஒட்டி நீண்ட நாள் இருக்கிறது. தனிக் களியை விட, தனி எருவை விட, இரண்டும் சேர்ந்ததுதான் மணலுக்கு மருந்து.

எவ்வளவு வேண்டும்? முழு இரண்டு ஏக்கரையும் நினைக்காதீர்கள், செலவு தாங்காது. நூறு சதுர மீற்றர் பாத்தி ஒன்றை எடுங்கள். அதன் மேல் மண் 15 சென்ரிமீற்றருக்கு இருபத்திரண்டு தொன் அளவில் வரும். நூற்றுக்கு இரண்டு பங்கு களி சேர்க்க 450 கிலோ களி. வயல் மண் முழுவதும் களியில்லை, நல்ல மண்ணில் நூற்றுக்கு நாற்பது பங்கு களி என்று வைத்தால் 1,100 கிலோ மண், ஏறத்தாழ ஒரு லான்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்) பெட்டி. உங்கள் மண்ணைப் பார்க்காமல் இதைவிட நுணுக்கமாக என்னால் சொல்ல முடியாது. வெங்காயப் பாத்தியில் ஒரு போகம் செய்து பார்த்து, பக்கத்தில் ஒன்றும் போடாத பாத்தி ஒன்றையும் விட்டு, இரண்டுக்கும் எத்தனை வாளி ஊற்றுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். குளத்து மண்ணோ வயல் மண்ணோ வெளியே ஏற்றுவதற்கு முன்னால் கமநல சேவை நிலையத்தில் கேட்டு விடுங்கள். மண் ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும், வழியில் பொலிஸ் மறித்தால் வாகனத்தோடு நிற்க வேண்டி வரும்.

இன்னொன்றை விற்பனைக்காரர்கள் சொல்வதே இல்லை. கடலோரக் கிணற்றுத் தண்ணீர். களிப் பாய்கள் எல்லாம் எதிர் ஏற்றம், நல்ல தண்ணீரில் ஒன்றையொன்று தள்ளிக் கொண்டு மிதக்கும். உப்போ கல்சியமோ கூடிய தண்ணீரில் அந்தத் தள்ளுதல் அடங்கி, ஒட்டிக் கட்டியாகி அடியில் இறங்கி விடும். ஆற்றுச் சேறு கடலைத் தொட்டதும் முகத்துவாரத்தில் படிகிறதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே எவ்வளவு நுண்ணியதாகப் பிரித்த களியானாலும் சவர்த் தண்ணீரில் கலந்தால் அந்த நிமிடமே நனோ போய் விடுகிறது. வீட்டிலேயே பார்க்கலாம்: ஒரு கிளாசில் மழைத் தண்ணீர், ஒரு கிளாசில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், இரண்டிலும் அரைக் கரண்டி களியைக் கலக்கி வைத்து விட்டு மறுநாள் காலையில் பாருங்கள். மழைத் தண்ணீர் பால் மாதிரி இருக்க, கிணற்றுத் தண்ணீர் தெளிந்து களி அடியில் கிடந்தால், கரைத்து ஊற்றுகிற வேலையை மாரி காலத்து நல்ல தண்ணீரில் செய்ய வேண்டும். எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. களியில் சோடியம் ஏறிப் போன பிறகு மாரி மழை வந்து உப்பைக் கழுவினால், பாய்கள் பிரிந்து மேலே பிசின் மாதிரி படிந்து, காய்ந்ததும் தகடாக இறுகும், கச்சான் முளை அதைப் பிளந்து வெளியே வராது. அப்படியானால் ஜிப்சம் போட வேண்டும், கல்சியம் சோடியத்தை வெளியேற்றும். கிணற்றுத் தண்ணீரின் மின் கடத்துதிறனையும் (உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) சோடிய அளவையும் ஆய்வுகூடத்தில் பார்க்காமல் ஜிப்சம் அளவை யாரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்ப வேண்டாம்.

பென்டோனைட் மூட்டையாக விலைக்குக் கிடைத்தால் அதையும் சோதித்தே வாங்குங்கள். 2 கிராம் தூளை 100 மில்லிலீற்றர் நல்ல தண்ணீரில், அளவுக்கோடு போட்ட நீளக் குழாயில், சிட்டிகை சிட்டிகையாகத் தூவி ஒரு நாள் விடுங்கள். சோடியப் பென்டோனைட் என்றால் 20 மில்லிலீற்றருக்கு மேல் ஊதி நிற்கும். கல்சியப் பென்டோனைட் அதில் பாதியும் வராது, கயோலின் சும்மா அடியில் படிந்து கிடக்கும். மண்ணுக்குப் போட ஊதல் குறைந்த கல்சிய வகைதான் எனக்குப் பிடித்தது, அது இறுகாது. குளம், தொட்டி ஒழுக்கை அடைக்கத்தான் சோடிய வகை. இன்னொரு சோதனையும் உண்டு: வண்ண மீன் கடையில் விற்கிற மெதிலீன் புளூவில் இரண்டு துளியைத் தண்ணீரில் விட்டு, ஒரு கரண்டி களியைப் போட்டுக் கலக்கி இறங்க விடுங்கள். அந்தச் சாயம் நேர் ஏற்றம் உள்ளது, நல்ல களி அதை இழுத்துக் கொண்டு மேல் தண்ணீரைத் தெளிவாக்கி விடும். எருவும் சாயத்தை இழுக்கும் என்பதால் எரு கலக்காத மண்ணிலேயே பாருங்கள். ஆய்வுகூடத்துக்கு ஒருவர் இதே மாதிரி ஒரு நனோ போத்தல் கொண்டு வந்தார், அடுப்பில் வைத்துத் தண்ணீரை முழுவதும் வற்ற விட்டோம், பாத்திரத்தின் அடியில் ஒரு சிட்டிகைத் தூள்தான் மிஞ்சியது. உங்களிடம் வந்தவரிடமும் மாதிரிக்குக் கொஞ்சம் கேளுங்கள். நம்பிக்கை உள்ளவர் கொடுப்பார்.

களி இழுத்துப் பிடிப்பது பசளையை மட்டுமில்லை என்பதால் இதையும் சேர்த்து விடுகிறேன். பரகுவாட் களைநாசினி பாவனையில் இருந்த காலத்தில் கலங்கல் தண்ணீரில் கலந்து அடித்தவர்களுக்குப் புல் சாகவில்லை. இரண்டு நேர் ஏற்றம் கொண்ட அந்த மருந்தைக் களி பாய்களுக்கு நடுவில் பூட்டி விடும். இப்போது அது நம் நாட்டில் தடை. கிளைபோசேற் என்ற களைநாசினியும் கலங்கலில் வலுவிழக்கும். கோழித் தீனியில் பென்டோனைட் சேர்ப்பதும் இதனால்தான், பூஞ்சணம் பிடித்த சோளத்திலும் கச்சான் புண்ணாக்கிலும் வருகிற அஃபிளாடொக்சின் என்ற நஞ்சை அது குடலில் பிடித்துக் கொண்டு வெளியேறும். ஆனால் அதற்கென்று சோதித்த தரக் களி வேறு, வயல் களியைத் தீனியில் கலக்க வேண்டாம்.

தூளைக் கையாளும்போது மூக்கையும் வாயையும் கட்டுங்கள். பென்டோனைட்டில் படிக மணலும் நுண்தூளாகக் கலந்திருக்கும், வருடக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலுக்குக் கேடு. நனைத்த பிறகு பயமில்லை.

போத்தலுக்கு வைத்த காசில் முதலில் உங்கள் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் ஆய்வுகூடத்தில் கொடுங்கள், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எங்கே கொடுப்பதென்று சொல்வார். மின் கடத்துதிறன், சோடியம், கல்சியம், மண்ணின் களி வீதம், இந்த நாலு எண்களும் கையில் வந்ததும் எழுதுங்கள், எந்தக் களி, எத்தனை பெட்டி, ஜிப்சம் வேண்டுமா வேண்டாமா என்று உங்கள் காணிக்கே கணக்குப் போட்டுத் தருகிறேன்.